எக்ஸ்ரேயில் தெரியாத எலும்புக் காயம்: கால் மூட்டுகளும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்

ஜூன் பிறந்து மேற்கு மலையில் மேகம் இறங்கிவிட்டால் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டார வணிகர்களுக்கு அதுவே அறுவடைக் காலம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழும் அந்த இரண்டு, மூன்று மாத வியாபாரத்தை நம்பித்தான் பல கடைகள் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. அந்தச் சாரல்தான் கடைப் படியையும் கிட்டங்கித் தரையையும் வழுக்கலாக்கி விடுகிறது. தோளில் மூட்டையுடன் பலகையில் இறங்கும்போது கால் புரளுவதும், ஈரப் படியில் சறுக்கி முட்டி மடங்க விழுவதும் சீசன் தோறும் நாம் காணும் நிகழ்ச்சிகள்.

இப்படி விழுந்தவர்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். முட்டி வீங்கும். எக்ஸ்ரே எடுப்பார்கள். "முறிவு ஒன்றும் இல்லை" என்ற சொல் காதில் விழுந்ததும் மனம் ஆறுதல் அடையும். மறுநாளே முதலாளி கல்லாவில் உட்காருவார். சுமை தூக்குபவர் அட்டியில் ஏறுவார். ஆனால் வலி போகாது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று இழுக்கும். கடைசியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், விழுந்த அன்றைக்கே எலும்புக்குள் காயம் பட்டிருந்தது தெரியவரும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதும், எலும்பில் ஒன்றும் இல்லை என்பதும் ஒன்றல்ல. வணிகப் பெருமக்கள் இதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். அதற்காக முட்டி வலி என்றவுடன் எல்லோரும் ஸ்கேன் சென்டருக்கு ஓட வேண்டும் என்பதும் இல்லை. எந்தக் காயத்துக்கு அந்தச் செலவு தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எக்ஸ்ரே எதைக் காட்டும்?

ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ரான்ட்ஜன் 1895-ஆம் ஆண்டு கண்டுபிடித்த எக்ஸ்ரே, எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் படமாகக் காட்டுகிறது. எலும்பு இரண்டாக முறிந்திருந்தாலோ, துண்டு விலகியிருந்தாலோ, மூட்டு நழுவியிருந்தாலோ எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். செலவு குறைவு, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகவே அடிபட்ட மூட்டுக்கு முதல் பரிசோதனை இன்றும் எக்ஸ்ரேதான். அதைத் தாண்டி நேராக எம்.ஆர்.ஐ.க்குப் போக வேண்டியதில்லை.

ஆனால் எக்ஸ்ரேக்கு ஓர் எல்லை உண்டு. எலும்பு விலகாமல் மயிரிழை போல் விரிசல் கண்டிருந்தால் முதல் நாள் படத்தில் அது தெரியாமல் போகலாம். எலும்பின் உட்பகுதி பஞ்சு போன்றது; அதனுள் மஜ்ஜை இருக்கிறது. அடியின் வேகத்தில் அந்தப் பஞ்சுப் பகுதி நசுங்கி, ரத்தமும் நீரும் கசிந்திருந்தால் அதையும் எக்ஸ்ரே காட்டாது. மூட்டைப் பிடித்து நிற்கும் ஜவ்வுகளும், எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பும் எக்ஸ்ரேயில் தெரிவதே இல்லை.

அரிசி மூட்டை வாங்கும்போது சாக்கு கிழியவில்லை, தையல் பிரியவில்லை என்பதை மட்டும் பார்த்து நாம் பணம் கொடுப்பதில்லை. குத்தூசி போட்டு உள்ளே இருக்கும் அரிசியைக் கையில் எடுத்து, ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். சாக்கு கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது எக்ஸ்ரே. உள்ளே ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பது எம்.ஆர்.ஐ. இது வெறும் உவமை அல்ல. அடிபட்ட எலும்பில் எம்.ஆர்.ஐ. தேடுவதும் உண்மையில் ஈரத்தைத்தான்.

எம்.ஆர்.ஐ. வேலை செய்யும் விதம்

நம் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்திருக்கின்றன. மிகவும் சக்தி வாய்ந்த காந்தத்தின் நடுவே உடலை வைக்கும்போது இந்த அணுக்களில் ஒரு பகுதி காந்தத்தின் போக்குக்குத் திரும்பி நிற்கும். அப்போது வானொலி அலை போன்ற அலையைச் செலுத்தினால் அவை நிலை மாறும். அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சமிக்ஞை ஒன்றை வெளியிடும். அந்தச் சமிக்ஞையைக் கம்ப்யூட்டர் வாங்கி, மூட்டைக் குறுக்காகவும் நெடுக்காகவும் அரிந்து பார்த்தது போன்ற படங்களாகத் தருகிறது.

இப்போது பல ஊர்களில் இருக்கும் 1.5 டெஸ்லா கருவியின் காந்த சக்தி, பூமியின் காந்த சக்தியைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. இம்முறையில் முதல் படத்தை 1973-இல் வெளியிட்ட அமெரிக்கரான லாட்டர்பருக்கும், இதை விரைவாகப் படம் எடுக்கும் முறையாக வளர்த்த இங்கிலாந்தின் மேன்ஸ்பீல்டுக்கும் 2003-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. "கரண்ட் வைப்பார்கள், கதிர் பாய்ச்சுவார்கள்" என்று சிலர் அஞ்சுவது தேவையற்றது.

எலும்புக் காயத்துக்குப் படம் எடுக்கும்போது கொழுப்பின் சமிக்ஞையை அடக்கி ஒரு தொகுதிப் படம் எடுப்பார்கள். பெரியவர்களின் கால் எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு அதிகம். அதை அடக்கிவிட்டால் நல்ல எலும்பு கறுப்பாகத் தெரியும்; நீரும் ரத்தமும் கசிந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். அந்த வெண்மைக்கு நடுவே கறுப்புக் கோடு ஒன்று ஓடினால் அது மயிரிழை முறிவாக இருக்கலாம். கோடு இல்லாமல் வெண்மை மட்டும் பரவியிருந்தால் அதை எலும்புக் கன்றல் என்கிறார்கள். தோலில் அடிபட்டால் ரத்தம் கட்டிக் கன்றிப் போகிறதே, அதுவே எலும்புக்குள் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

முட்டியில் என்ன நடக்கிறது?

சுமை தூக்குபவர் ஒருவர் 50 கிலோ மூட்டையுடன் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதம் தரையில் ஊன்றியிருக்கிறது. உடம்பு மட்டும் திரும்புகிறது. அப்போது முட்டி முறுக்கிக்கொள்கிறது. தொடை எலும்பின் கீழ் முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல் தட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. முட்டியின் நடுவில் குறுக்காக இருக்கும் முன் ஜவ்வு அறுந்துபோகவும் கூடும்.

இப்படி முன் ஜவ்வு அறுந்தவர்களின் எம்.ஆர்.ஐ. படத்தில் பெரும்பாலும் முட்டியின் வெளிப்புறத்தில், மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் எதிரெதிரே இரண்டு கன்றல்கள் தெரியும். கன்றல் இருக்கும் இடத்தைப் பார்த்தே முட்டி எந்தப் பக்கம் முறுக்கியது, வேறு எது கிழிந்திருக்கும் என்று அனுபவமுள்ள மருத்துவர் ஊகித்துவிடுவார். லாரியின் பம்பரில் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்பதைப் பார்த்து அடி எங்கிருந்து வந்தது என்று சொல்வதைப் போன்றது இது.

எலும்புக் கன்றல் மட்டும் இருந்தால் அறுவைச் சிகிச்சை வேண்டியதில்லை. ஓய்வு கொடுத்தால் தானாகவே ஆறும். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். மயிரிழை முறிவு என்றால் காலில் பாரம் படாமல் காப்பது இன்னும் அவசியம். விலகாத முறிவு அந்த நிலையில் ஓய்விலேயே கூடிவிட வாய்ப்பு உண்டு. அதன் மேல் மூட்டையைத் தூக்கி நடந்தால் விலகி, தகடும் திருகாணியும் வைக்கும் நிலைக்குப் போய்விடலாம். ஒரு மாத ஓய்வில் தீர வேண்டியது ஆறு மாத முடக்கமாக மாறுவது இப்படித்தான்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் நடராஜன், 2021 ஐ.பி.எல். போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோதே முழங்கால் காயத்தால் விலகி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 2022 போட்டிகளில் திரும்பி வந்து பந்து வீசினார். அவருக்கும் அது சீசன்தான். இந்த ஒரு சீசன் போகட்டும், அடுத்த சீசனுக்குக் கால் வேண்டும் என்ற கணக்கை நம் தொழிலிலும் சில சமயம் போடத்தான் வேண்டும்.

இடுப்பும் கணுக்காலும்

கால் மூட்டு என்றால் முட்டி மட்டுமல்ல. வீட்டில் வயதான தாயாரோ தகப்பனாரோ குளியலறையில் வழுக்கி விழுகிறார்கள். தொடை இடுக்கில் வலிக்கிறது என்கிறார்கள். ஆனாலும் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. "நடக்கிறார்களே, முறிந்திருந்தால் நடக்க முடியுமா?" என்று நாம் எண்ணிவிடுகிறோம். இது ஆபத்தான எண்ணம். தொடை எலும்பின் கழுத்தில் விலகாத முறிவு இருந்தாலும் சிலரால் சில நாள் நடக்க முடியும். அதே முறிவு ஒருநாள் விலகிவிட்டால் படுத்த படுக்கைதான். முதியவர் விழுந்து, இடுப்பில் வலி நீடித்து, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத நிலையில் எம்.ஆர்.ஐ. எடுப்பதே சிறந்தது என்பது மருத்துவ உலகில் ஏற்கப்பட்ட வழிமுறை. இந்த ஓர் இடத்தில் செலவுக்குத் தயங்கவே கூடாது.

இடுப்பு மூட்டில் இன்னொரு நோயும் உண்டு. தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு சிறிது சிறிதாகச் செத்துப்போகும். மூட்டு நழுவியவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து சாப்பிட்டவர்கள், அதிகம் மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு இது வரலாம். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே இதை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். தலை நசுங்கும் முன் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்ற வழி உண்டு.

கணுக்கால் சுளுக்கு பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். அப்படிச் சரியாகாமல் வலியும் வீக்கமும் தொடர்ந்தால், உள்ளே எலும்பின் மேல்பரப்பு குருத்தெலும்போடு பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. உதவும்.

விழுந்தவுடன் செய்ய வேண்டியது

குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் பெயர் பெற்ற தொழில். அதைச் செய்வோரும் நம்மைப் போல் உழைத்துப் பிழைப்பவர்களே. நல்ல உடம்புக்கு எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது சுகமானது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடிபட்டு வீங்கிய மூட்டை நீவுவதும், சுளுக்கு எடுப்பதாக இழுப்பதும் கூடாது. உள்ளே மயிரிழை முறிவு இருந்தால் விலகிவிடலாம்; ரத்தக் கசிவும் கூடும். வீங்கிய முட்டியோடு அருவியில் போய் நிற்பதும் வேண்டாம். தண்ணீரின் வேகம் ஒரு பக்கம். வழுக்குப் பாறையில் நொண்டிக்கொண்டு நிற்பவர் மறுபடி விழ எவ்வளவு நேரம் ஆகும்? மசாஜ் செய்வோரும், அடிபட்டு வீங்கிய மூட்டோடு வருபவரை முதலில் மருத்துவரிடம் அனுப்பிவைத்தால் வாடிக்கையாளருக்கும் நன்மை, தொழிலுக்கும் நல்ல பெயர்.

அடிபட்டவுடன் காலில் பாரம் போடாமல் உட்கார வைக்க வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 அல்லது 20 நிமிடம் வைத்து எடுக்கலாம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. கிரேப் பேண்டேஜை இறுக்காமல் சுற்றி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். முதல் இரண்டு, மூன்று நாட்கள் சூட்டு ஒத்தடம், நீவுதல், மது மூன்றும் ஆகாது. மூட்டு கோணலாகத் தெரிந்தாலோ, பாதம் சில்லிட்டு மரத்துப் போனாலோ, தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலோ ஐஸ் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

எப்போது எக்ஸ்ரே, எப்போது எம்.ஆர்.ஐ.?

அடிபட்ட முட்டிக்கு எக்ஸ்ரே தேவையா என்று தீர்மானிக்கக் கனடா நாட்டின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1995-இல் ஒரு விதி வகுத்தார்கள். உலகெங்கும் பின்பற்றப்படும் அவ்விதி நமக்கும் பயன்படும். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்:

1. வயது 55 அல்லது அதற்கு மேல்.
2. மற்ற எலும்புகளில் வலியின்றி, முட்டிச் சில்லை அழுத்தினால் மட்டும் வலி.
3. முட்டிக்குச் சற்றுக் கீழே வெளிப்புறம் துருத்தி நிற்கும் எலும்பை அழுத்தினால் வலி.
4. முட்டியை 90 டிகிரிக்கு மடக்க முடியாமை.
5. அடிபட்டவுடனும், மருத்துவமனைக்கு வந்த பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போனாலும், கீழ்க்கண்ட அறிகுறிகள் இருந்தால் எலும்பு மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்க வேண்டும்:

அடிபட்ட சில மணி நேரத்துக்குள்ளேயே முட்டி பெரிதாக வீங்கியிருந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். விழும்போது "டப்" என்று சத்தம் கேட்டிருந்தால் ஜவ்வு அறுந்திருக்கலாம். முட்டி திடீரென்று பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போவதும், படி இறங்கும்போது கால் தானாக மடங்கிவிடுவதும் கவனிக்க வேண்டியவை. ஓய்வு கொடுத்தும் இரண்டு, மூன்று வாரங்களில் வலி குறையாமல் இருப்பதும், எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் சுரீர் என்று வலிப்பதும் அப்படியே. அடியே படாமல் மூட்டு வீங்கி, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது வேறு; மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எலும்பு பல துண்டாக நொறுங்கியிருப்பது எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிட்டால், துண்டுகளின் அமைப்பைப் பார்க்கச் சி.டி. ஸ்கேன்தான் அதிகம் பயன்படும். எல்லாவற்றுக்கும் எம்.ஆர்.ஐ. உயர்ந்தது என்று எண்ண வேண்டாம். எந்தச் சரக்குக்கு எந்தத் தராசு என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம்

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அதிலுள்ள வரிகளைப் படித்துக் கலங்குபவர்கள் பலர். இங்கே ஒரு செய்தியை அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் பிராமிங்காம் என்னும் ஊரில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேரின் முட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வின்படி 35 சதவீதம் பேருக்கு முட்டியின் பிறை வடிவ ஜவ்வில் கிழிசல் இருந்தது. அப்படிக் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டி வலியே இல்லை!

வயது ஏறினால் தலை நரைப்பது போல ஜவ்வும் தேய்ந்து கிழிவது உண்டு. ஸ்கேனில் கிழிசல் தெரிகிறது என்பதற்காக மட்டும் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கக் கூடாது. வலிக்கும் இடமும் படத்தில் தெரியும் காயமும் பொருந்துகின்றனவா என்பதை மருத்துவர் கையால் முட்டியைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். ஸ்டாக் புத்தகமும் கிட்டங்கிச் சரக்கும் ஒத்துப்போகிறதா என்று நாம் பார்ப்பதில்லையா? அதே முறைதான். சந்தேகம் இருந்தால் படத்தின் பிலிமையோ சி.டி.யையோ எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதில் தவறில்லை. பணம் கொடுத்து எடுத்த படத்தையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஸ்கேன் அறைக்குள் போகும் முன்

எம்.ஆர்.ஐ. காந்தம் எந்நேரமும் வேலை செய்துகொண்டே இருக்கும். படம் எடுக்காத நேரத்திலும் அதன் இழுப்பு இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளியுடன் துணைக்கு வந்த உறவினர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போனபோது காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஆகவே இந்த எச்சரிக்கை நோயாளிக்கு மட்டுமல்ல, துணைக்குப் போகிறவருக்கும்தான்.

கடைச் சாவிக்கொத்து, சில்லறைக் காசு, கைக்கடிகாரம், செல்போன், பெல்ட், மோதிரம், இடுப்பில் கட்டிய அரைஞாண் கொடி, தாயத்து, கொண்டை ஊசி எதுவும் உள்ளே போகக் கூடாது. வங்கி அட்டைகளையும் வெளியே வைத்துவிட வேண்டும். காந்தப் பட்டை அழிந்துவிடலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள், காதில் கருவி பொருத்தியவர்கள், மூளை ரத்தக் குழாயில் கிளிப் வைத்தவர்கள், வெல்டிங் அல்லது லேத் வேலையில் கண்ணில் இரும்புத் தூள் பட்டவர்கள், கர்ப்பிணிகள் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பழைய முறிவுக்குத் தகடு வைத்தவர்களில் பலருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியும், ஆனாலும் சொல்லிவிட்டு, பழைய மருத்துவச் சீட்டையும் காட்ட வேண்டும்.

ஒரு மூட்டுக்குப் படம் எடுக்க ஏறத்தாழ 20 முதல் 40 நிமிடம் ஆகும். கருவி "டக டக"வென்று பலமாகச் சத்தம் போடும்; காதில் பஞ்சோ கருவியோ வைப்பார்கள். காலை அசைக்காமல் இருக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கிவிடும். முட்டிக் காயத்துக்குப் பெரும்பாலும் மருந்து ஊசி தேவைப்படாது. முட்டிக்கு எடுக்கும்போது தலை பெரும்பாலும் குழாய்க்கு வெளியிலேயே இருக்கும் என்பதால் அடைபட்ட இடத்துக்கு அஞ்சுபவர்களும் தைரியமாகப் போகலாம்.

செலவைக் குறைக்கும் வழி

எம்.ஆர்.ஐ. கட்டணம் ஊருக்கு ஊர், சென்டருக்குச் சென்டர் மாறும். நாம் பருப்பு வாங்க நாலு மண்டியில் விலை கேட்பதைப் போல இதற்கும் இரண்டு, மூன்று இடங்களில் விசாரிக்கலாம். விசாரிக்கும்போது கருவி எத்தனை டெஸ்லா, எலும்பு மூட்டுப் படங்களைப் படித்துப் பழகிய மருத்துவர் ரிப்போர்ட் தருகிறாரா என்பதையும் கேட்க வேண்டும். விலை மலிவு என்று தெளிவில்லாத படத்தை எடுத்துவிட்டு மறுபடி எடுப்பது இரட்டைச் செலவு.

1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களைக் குறைந்த கட்டணத்தில் நடத்திவருகிறது. அரசு மருத்துவமனை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருக்கும் சிறு வணிகர்களும் தொழிலாளர்களும், தங்கள் சிகிச்சைக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் கேட்டறிய வேண்டும். தனியார் காப்பீட்டுப் பாலிசி வைத்திருப்பவர்கள், மருத்துவமனையில் சேராமல் எடுக்கும் ஸ்கேனுக்குப் பணம் கிடைக்குமா என்று விதிகளைப் படித்துப் பார்ப்பது நல்லது. பல பாலிசிகளில் கிடைக்காது. நோய் கண்டறியும் பரிசோதனைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இக்கருவிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. காந்தத்தைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் வேண்டும். கட்டணம் உயர இவையும் காரணம். நம் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்துள்ள ஜோஹோ நிறுவனம் முதலீடு செய்த பெங்களூரின் வாக்சல்கிரிட்ஸ், திரவ ஹீலியம் தேவைப்படாத 1.5 டெஸ்லா கருவியை உள்நாட்டிலேயே உருவாக்கி, 2025-இல் மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூரில் நிறுவியுள்ளது. இத்தகைய கருவிகள் பெருகினால் சிற்றூர்களிலும் கட்டணம் இறங்கும் என எதிர்பார்க்கலாம்.

கடை நடத்துவோர் கவனத்துக்கு

நம்மிடம் வேலை செய்யும்போது அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தரும் கடமை சட்டப்படி நமக்கு உண்டு. ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரும் கடைகளில் அதன் வழியாகச் சிகிச்சை கிடைக்கும். சட்டத்தை விடுங்கள், பத்து வருடம் நம் கிட்டங்கியில் மூட்டை சுமந்தவரின் முட்டி போய்விட்டால் அவர் குடும்பம் என்ன செய்யும்? "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையே, ஏன் வேலைக்கு வரவில்லை?" என்று கேட்கும் முன், மேலே சொன்ன அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வலி தீரும் வரை பில் போடுவது, பொட்டலம் கட்டுவது, சரக்குச் சரிபார்ப்பது போன்ற உட்கார்ந்து செய்யும் வேலையைக் கொடுக்கலாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-லேயே சட்டத் திருத்தம் கொண்டுவந்திருக்கிறது. அது காயம்பட்ட காலுக்கு மட்டுமல்ல, காயம் படாத காலுக்கும் நல்லது.

அடுத்த சாரல் வருவதற்குள் நாம் செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. கிட்டங்கி வாசலில் பாசி படிந்த படியைச் சுரண்டிக் கழுவலாம். லாரிப் பலகையின் மேல் குறுக்குச் சட்டம் அடித்துக் கால் வழுக்காமல் செய்யலாம். எண்ணெய் டின் அடுக்கும் இடத்தில் சிந்திய எண்ணெயை அப்போதைக்கப்போது மரத்தூள் போட்டுத் துடைக்கலாம். அட்டிகளுக்கு நடுவே விளக்கு போடலாம். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு ஸ்கேன் கட்டணத்தைவிட மிகவும் குறைவு. இந்தச் சீசனுக்கு முன்பாகவே ஒவ்வொரு உறுப்பினரும் தத்தம் கடையில் இவற்றைச் செய்து முடிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.